பதினாலு என்று சொன்ன கஸ்தூரி அக்கா

தறி ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலில் காது அடைத்துக்கொள்ளும். அப்புறம் மூக்கு... கஞ்சி போட்ட நூலின் புளித்த வாசனை. சாயங்காலம் வெளியே வரும்போது தலை, புருவம் எல்லாம் வெள்ளைப் பஞ்சு. ஏழு வயசிலேயே நரைத்த கிழவிகள் நாங்கள்.

ஊர் பொதட்டூர்பேட்டை. எனக்கு ஏழு, அக்கா கஸ்தூரிக்கு ஒன்பது. நைனாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அக்காவை நாலாவது வகுப்புப் பாதியில் நிறுத்தி, பவர்லூம் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நூல் சுற்றும் மிஷினில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய் கூடமாட நிற்பேன். லீவு நாளில் முழுநாளும்.

அங்கே முதலாளி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம், யார் வந்து வயசு கேட்டாலும் பதினாலு. குறைத்துச் சொன்னால் கேஸ் ஆகிவிடும். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் எங்களுக்கு. ஜீப் சத்தம் கேட்டால் சின்னதுகள் எல்லாம் பின்வாசல் வழியாக ஓடிவிட வேண்டும்.

ஒரு லீவு நாளில் வந்தவர் ஜீப்பில் வரவில்லை. பஸ்ஸில் இறங்கி, தோளில் கேமராவோடு நடந்து வந்தார். போட்டோ எடுக்கணும் என்றார். முதலாளி அதை லுங்கி விளம்பரம் என்றே முடிவு கட்டிவிட்டார். எங்களை ஓடச் சொல்லவில்லை. புது டிசைன் லுங்கிகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, கட்டம் தெளிவாக விழ வேண்டும் என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரப் போய்விட்டார்.

எங்களுக்கோ போட்டோ என்றால் ஸ்டுடியோ போட்டோதான். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவி, ஒருத்தி தலைப் பஞ்சை ஒருத்தி பொறுக்கி எடுத்து, விறைப்பாக வரிசையில் நின்றோம். அவர் மனசு நோகாமல் அதையும் எடுத்தார். பிறகு வேலையைப் பாருங்கள் என்றார்.

லுங்கித் துணியில் தைத்த பாவாடையோடு அக்கா எண்ணெய் டின் மேல் ஏறி நின்றாள். ஏறினால்தான் மிஷினுக்குக் கை எட்டும். அப்போது ஒன்று எடுத்தார்.

என்னிடம் பேர் கேட்டார்.

"பதினாலு" என்றேன்.

ஷெட்டே சிரித்தது... அக்காவிடம் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு வயசு கேட்டார். அவள் சிரிக்காமல் அதையே சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அக்கா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவேயில்லை. நான் டிகிரி வரைக்கும் போனேன். அவள் சுற்றிய நூலில் படித்தவள் நான். இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்வேன்.

இப்போது அக்காவும், நான் பாவா என்று கூப்பிடும் அவள் வீட்டுக்காரரும் கனகம்மாசத்திரத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார்கள். மகள் பவித்ரா நர்சிங் படிக்கிறாள். அந்தப் பெண்ணிடம் சின்ன வயசிலிருந்து அக்கா சொல்லி வந்தது, "நானே எட்டாவது படிச்சவ, உனுக்கு இன்னா?" பாதி பெருமை, பாதி மிரட்டல். எங்கள் வீட்டில் யாரும் அதை உடைத்ததில்லை.

போன மாசம் ஆபீஸ் தோழி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சென்னையில் ஏதோ போட்டோ கண்காட்சியாம், உங்கள் ஊர்ப் பக்கமாமே என்று கேட்டிருந்தாள். லுங்கித் துணியில் தைத்த அந்தப் பாவாடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவிடம் காட்டினேன். போய்ப் பார்க்கணும் என்றாள். நானும் வருவேன் என்று பவித்ரா ஒட்டிக்கொண்டதும் அக்கா முகம் மாறிப் போச்சு. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கோயில் கூட்டம் ரயிலில் நெரியும் கிருத்திகையாக இல்லாத ஞாயிறாகப் பார்த்து ரயில் ஏறினோம்.

முதல் சுவர் முழுக்க நூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்க மில்கள். செருப்பில்லாத வெள்ளைக்காரப் பிள்ளைகள், தலையில் அதே பஞ்சு. அங்கேயும் வயசைக் கூட்டித்தான் சொல்லச் சொல்வார்களாம். கண்காட்சியைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் விளக்கினாள்.

அடுத்த சுவரில் அவள். கீழே 'கஸ்தூரி, வயது 14' என்று அச்சில்.

படத்தில் இருப்பது இவள்தான் என்று நான் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதியிருப்பதெல்லாம் சரிதானா, மாற்றணும் என்றால் மாற்றிவிடுகிறோம் என்றாள். பவித்ரா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, டின்னு மேல நின்னுகினு இருக்க. பதினாலு வயசுல இவ்ளோதான் இருந்தியா?"

எழுதினது சரிதாம்மா என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அக்கா நகர்ந்திருக்கலாம். நான் அப்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"ஒம்போதுன்னு போடும்மா."

பவித்ரா மெல்ல, "அப்போ எட்டாவது?" என்றாள்.

"வுட்டிருந்தா படிச்சிருப்பேன் டி."

திரும்பும் ரயிலில் பவித்ரா எங்களைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் யாராவது வயசு கேட்டால் நானும் அக்காவும் கூசாமல் ரெண்டு மூணு குறைத்துச் சொல்கிறோம். அன்றைக்குப் பிள்ளைப் பருவத்தையே கூட்டிச் சொல்லித் தீர்த்துவிட்டோம்.

அரக்கோணம் தாண்டியதும் பவித்ரா அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நாலாவதுல உன் டீச்சர் பேரு இன்னாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. டீச்சர் பேர், ஜன்னல் பக்கம் உட்கார்ந்த இடம், பக்கத்துப் பெண்ணின் சண்டை, கடைசியாக நடத்திய பாடம் வரைக்கும்... மழை எப்படி வருகிறது என்ற பாடமாம். பாதியில் மணி அடித்துவிட்டதாம். மறுநாள் அவள் ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

"மேகம் வரிக்கும் நடத்துனாங்க. மீதி இன்னாடி?" என்று என்னைக் கேட்டாள்.

அதே புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவள் நான். எனக்கு ஒரு வரி கூட ஞாபகம் வரவில்லை.