இளவரசர் படத்துல ஒரு புகை

குட்டிம்மா,

இன்னைக்கு நான் சமைக்கிற பள்ளத்தூர் வீட்டுக்கு மெட்ராஸ்லருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி வெள்ளைக்கார இளவரசர் மதுரைக்கு வந்தப்ப எடுத்த படங்களை வச்சு ஆராய்ச்சி பண்ணுதாம்.

காப்பி கொடுக்கப் போனவ கம்ப்யூட்டரை எட்டிப் பாத்தேன். இளவரசரைப் பாக்க வந்த கூட்டம். ஓரத்துல ஒரு பொம்பளை, அவ பக்கத்துல புகை மாதிரி என்னமோ.

"அது கறைக்கா. படம் பழசுல்ல."

"கறைங்கிறீக. அந்தப் பொம்பளை கையைத் தாழ இறக்கிப் பிடிச்சிருக்கா பாருங்கத்தா. அது புள்ள."

அந்தப் பொண்ணு பெருசு பண்ணிப் பாத்துச்சு. புகைக்குக் கீழ ரெண்டு சின்னப் பாதம்.

"அய்யோ, ஆமாக்கா! அப்பல்லாம் படம் எடுக்க ரொம்ப நேரமாகும். அசைஞ்சவங்க படத்துல இப்படிப் புகையாத்தான் விழுவாங்க. நான் மூணு மாசமா பாக்குறேன், நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

நான் டம்ளரை எடுத்துட்டு வந்துட்டேன்.

என் போன்ல இருக்க உன் படம் பூராவும் அப்படித்தானடி இருக்கு. மாலை போட ஒரு நல்ல படம் இல்லாம, பள்ளிக்கூட கார்டுல இருந்ததைப் பெருசாக்கி மாட்டியிருக்கேன். அதுல நீ நீயாவே இல்ல.

இந்த அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை அசையாம நின்னிருக்கக் கூடாதா, குட்டிம்மா?