அப்பாவின் கறுப்புக் கண்ணாடி

எனக்கு ஒன்பது வயதானபோது, சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருந்தது: நான் தம்பியைப் பார்க்கக் கூடாது. தொடக் கூடாது என்றாலாவது பரவாயில்லை, பார்க்கவே கூடாது.

மூன்று மாதமாக என் கண் சிவந்து உறுத்திக்கொண்டிருந்தது. மருந்து விட்டால் போகும், பத்து நாளில் திரும்பி வரும். பிறகு ஒன்றரை வயதுத் தம்பிக்கும் காலையில் இமை ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. இப்படியே விட்டால் பார்வை மங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் பயமுறுத்தி அனுப்பினார்கள். கண்ணோடு கண் பார்த்தால் நோய் ஒட்டும் என்பது எங்கள் தெருவில் படித்தவர்களும் நம்பிய விஞ்ஞானம்.

"உன்னாலதான் புள்ள கண்ணு இப்டி கீது. அந்தாண்ட போய் குந்து" என்றாள் அத்தை.

அப்பா கடலுக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்புக் கண்ணாடி என் மூக்கில் ஏறியது. தனித் தட்டு, தனிப் பாய், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் இடம். பள்ளிக்கூடமும் கிடையாது. அழுதால் கண்ணாடி வழுக்கி விழுமென்று அழுகையைக்கூடத் தள்ளிப்போட்டேன். அவ்வளவு தனியாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை. தம்பி தத்தித் தத்தி வந்து சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவன் கண் போனால் என்னால்தானே.

அம்மா மட்டும் என்னைத் திட்டவில்லை. வெயில் சூடு என்று தன் கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொள்வாள். அதே முந்தானையால் தம்பியின் கண்ணையும் துடைத்துவிடுவாள்.

திரும்பத் திரும்ப வரும் கண்நோயை ஆராய்வதற்காகச் செங்கல்பட்டிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். அம்மா, தம்பி, நான் என மூவரின் இமைக்குள்ளும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போனார். சில வாரம் கழித்து மாத்திரையும் சொட்டு மருந்துமாகத் திரும்பி வந்தார்.

"மூணு பேருக்கும் ஒரே கிருமிதாம்மா. ஆனா அதுக்குள்ள மரபணு மாறி மாறி, ரகம் ரகமா இருக்கும். ஒரே பெயின்ட் அடிச்ச படகுங்களுக்கு நம்பர் வேற வேற இருக்குல்ல, அந்த மாதிரி. பொண்ணு கண்ல இருக்கறது ஒரு நம்பர். பையன் கண்லயும் உங்க கண்லயும் இருக்கறது வேற நம்பர், ஆனா ரெண்டும் ஒண்ணு."

"அப்ப புள்ளைக்கு இவ குடுக்கலியா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. இனிமே ஆளுக்கொரு துண்டு வெச்சுக்குங்க."

அவர் போனதும் அம்மா தம்பியை அத்தையிடம் கொடுத்தாள். நேராக என்னிடம் வந்து, என் கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, வலைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போ. தம்பிய போய் பாரு" என்றாள்.

கண்ணாடிக்குக் கீழே நீர் வழிந்தது. துடைக்க முந்தானையை எடுத்தவள், பாதியிலேயே கையை இறக்கிவிட்டாள். சொட்டு மருந்து எரிச்சலில் மூன்று மாத அனுபவம் எனக்கு.

"மருந்து கொஞ்ச நேரந்தாம்மா எரியும். அப்றம் சரியாப்பூடும்" என்று பெரிய மனுஷி போல ஆறுதல் சொல்லிவிட்டு, தம்பியைப் பார்க்க ஓடினேன்.

ஜன்னலில் டாக்டரம்மா வைத்துவிட்டுப் போன மூன்று மருந்துப் புட்டிகளும் பிரிக்காமல் அப்படியே இருந்தன.