விளக்கு எரியும் கீபோர்டு

அந்தக் கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்த இருவரும் அண்ணன் தம்பி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. அண்ணன் பெரியப்பா மகன். மூன்றே மாதம் முந்திப் பிறந்ததற்காக ஒருத்தனை ஆயுசுக்கும் "அண்ணே" என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்பது தம்பியின் முதல் வயிற்றெரிச்சல்.

தம்பிக்கு ஆபீசில் 'பட்டதாரி' என்று பெயர். குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவன் அவன்தான். அண்ணனுக்கும் அதே கல்லூரி, அதே படிப்பு. ஒரு பேப்பரில் அரியர் விழுந்ததால் பின்தங்கிவிட்டான். அதை அண்ணன் மறந்தே போனான். தம்பி மறக்கவில்லை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், "எங்க வீட்டுல நான்தான் முதல் கிராஜுவேட்" என்பான்.

"ஆமாங்க, நான்தான் வழி விட்டேன்" என்று அண்ணன் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் தம்பிக்கு ஆகாது.

இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இருவருக்கும் மெட்டுப் போடும் கிறுக்கு. தம்பி லேப்டாப்பில் மவுசை வைத்து ஒவ்வொரு சுரத்தையும் புள்ளி வைப்பதுபோல வைப்பான். மெட்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில் விழுந்து, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். இப்படி இருக்கையில் அண்ணன் ஒரு மிடி கீபோர்டு வாங்கி வந்தான். தன்னந்தனியாக அதற்குக் குரல் கிடையாது. லேப்டாப்பில் சொருகினால், எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினோம் என்று சொல்லும், லேப்டாப் பாடும். அண்ணன் மெதுவாகத் தொட்டால் மெதுவாக வந்தது, ஓங்கினால் ஓங்கி வந்தது. தம்பி போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டான்.

அந்த வாரம் மேனேஜர் வந்து நின்றார். "போன்ல காத்திருக்கிறவங்களுக்கு ஒரே பழைய ட்யூன். கஸ்டமர் அதுக்கே தனியா புகார் குடுக்கிறாங்கப்பா. நீங்க ரெண்டு பேரும் மியூசிக் போடுவீங்களாமே? திங்கக்கிழமை ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க. நல்லா இருக்கிறத லைன்ல போட்டுடலாம்."

தம்பிக்கு அன்று காது அடைத்துவிட்டது. பார்சல் தொலைத்தவர்கள் திட்டியது எதுவும் ஏறவில்லை. அண்ணன் மெட்டு லைனில் ஓடும், அதைக் கேட்டுவிட்டு வருகிறவர்களிடம் இவன் "வணக்கம், என்ன உதவி வேணும்?" என்று கேட்க வேண்டும். அதற்கு வேலையை விட்டுவிடலாம்.

சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒரு கீபோர்டு வாங்குவது என்று முடிவு செய்தான். கடையில் ஏமாந்துவிடக் கூடாதே என்று வேறு வழியில்லாமல் அண்ணனையே கூட்டிப் போனான்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று யாரோ வாசித்துவிட்டு விற்றது. நீளமானது, ஓரத்தில் கீறல், ஒரு திருகு குமிழைக் காணோம். இன்னொன்று புத்தம்புதுசு. குட்டை, கட்டைகளும் பொடிசு. ஆனால் தொட்ட இடமெல்லாம் கலர் கலராக விளக்கு எரிந்தது.

அண்ணன் பழையதில் கை வைத்தான். அவ்வளவுதான், கிட்டார் பார்க்க வந்தவர்கள்கூடத் திரும்பிவிட்டார்கள். ஒரு பெண் போனை எடுத்துப் படம்பிடித்தாள். தம்பிக்கு உள்ளே மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. வாங்க வந்தவன் நான், கூட்டம் இவனுக்கா?

"தம்பி, இதையே எடுடா. கட்டை எல்லாம் நல்லா எழும்புது. உன் மெட்டு ரொம்ப மேல கீழ போகும், இந்த நீளம் இருந்தாத்தான் கை கொள்ளும்."

"பழசு எனக்கு, புதுசு உனக்கா?"

"டேய், அப்படிச் சொல்லலடா."

"விளக்கு இருக்கிறதையே குடுங்க சார்" என்றான் தம்பி. கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

அறைக்கு வந்து சொருகியதும் விளக்கெல்லாம் எரிந்தது. மெட்டு எரியவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் விரல் இரண்டை அழுத்தியது. பல்லவி பாதி ஏறுவதற்குள் கட்டைகள் தீர்ந்துபோயின. மேலே போக ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டு வருவதற்குள் தாளம் எங்கேயோ போய்விட்டது. அடுத்த கட்டிலில் அண்ணன் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். சிரிக்கிறானோ என்று தம்பி எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு காலை, அண்ணன் சலூனுக்குப் போன நேரம் பார்த்து, குட்டைக் கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினான்.

"மாத்திக் குடுக்கலாம் தம்பி. ஆனா அந்தப் பழசு போயிடுச்சே" என்றார் கடைக்காரர். "நேத்து உங்ககூட வந்தாரே, அவர்தான். இப்பத்தான் கடை திறந்தேன், வாசல்லயே நின்னார். எடுத்துட்டுப் போயிட்டார்."

சலூனாம் சலூன்! வழி நெடுக அண்ணனைக் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வந்தான். ஒண்ணு பத்தாதாடா உனக்கு? என் வாயில மண்ணப் போட்டாத்தான் உனக்குச் சோறு இறங்குமா? அரியர் விஷயத்தைக் கடைசியில் எடுப்பது என்றும் வைத்துக்கொண்டான்.

கதவைத் தள்ளினான். பழைய கீபோர்டு அவனுடைய மேசைமேல் இருந்தது. அவனுடைய லேப்டாப்பில் சொருகியிருந்தது. குமிழ் இல்லாத இடத்தில் ஒரு பேனா மூடி.

"வந்துட்டியா?" என்றான் அண்ணன். "நீ திரும்ப அங்க போவேன்னு தெரியும். அதுக்குள்ள எவனாவது தூக்கிட்டா என்ன பண்றது? அந்தக் குட்டிய எனக்குக் குடு. பஸ்ல மடியில வெச்சுத் தட்டிக்கிட்டே போலாம்."

கோத்து வைத்திருந்த வசவெல்லாம் வீணாய்ப் போயிற்று. தம்பி பையை நீட்டினான். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. "பேனா மூடி அசிங்கமா இருக்கு" என்றான்.

திங்கட்கிழமை மேனேஜர் இரண்டு மெட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். தம்பியுடையதை எடுத்தார். மத்தியானமே அது லைனில் ஏறிவிட்டது. இத்தனை நாள் காத்திருந்த வெற்றி. பக்கத்து நாற்காலியில் அண்ணன் முகம் வாடுவதைப் பார்க்க ஆசையாகத் திரும்பினான்.

அண்ணன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "பார்சல் நாளைக்கு வந்துடும்மா. அது இருக்கட்டும், இவ்வளவு நேரம் ஒரு மியூசிக் கேட்டீங்களே, எப்படி இருந்துச்சு? என் தம்பி போட்டதும்மா!" முகமெல்லாம் பல்.

தோற்றவன் இப்படிச் சிரிக்கிறான். ஜெயித்த தனக்கு அதில் பாதிகூட வரவில்லை. இந்த மனசும் அவனுக்கே வாய்த்துத் தொலைத்திருக்கிறதே என்று தம்பிக்கு மறுபடி வயிறு எரியத் தொடங்கியது.