உள்ளே நின்றவன்

துறைமுக வாயிலில், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு பாறையின் மேல் அந்த இரும்பு வெளிச்சவீடு நின்றது. அதைப் பராமரிக்கும் குழுவில் ஜெயரூபி சேர்ந்த நாளில், “பொம்பிளை கயித்திலை தொங்கப் போறாவாம், கீழை வலையைப் பிடியுங்கோடா” என்று சிரித்தார்கள். சில வருடங்களில் குழுவே அவள் பொறுப்புக்கு வந்தது. சிரித்தவர்கள் அவளிடம் லீவு கேட்டு நின்றார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் துண்டு துண்டாக வந்து, பாறையில் பூட்டப்பட்ட கோபுரம் அது. வளைந்த வார்ப்பிரும்புத் தகடுகள். ஒவ்வொன்றின் ஓரமும் உட்பக்கம் மடிந்திருக்கும். மடிப்போடு மடிப்பைச் சேர்த்து, உள்ளிருந்தே போல்ட் முறுக்கியிருந்தார்கள். அதனால் வெளிப்புறம் வழவழவென்று, அலைக்குப் பிடி கொடாமல் இருந்தது. தகடு லேசில் கெடாது. கெடுவதென்றால் போல்ட்டுத்தான் முதலில் கெடும்.

ஆகவே சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே கயிற்றுப் பலகையில் இருப்பவர் சுத்தியலால் தகட்டைத் தட்டுவார். உள்ளே நிற்பவர் போல்ட்டில் கை வைத்து அதிர்வைப் பார்ப்பார். ஆடாவிட்டால் உள்ளிருந்து ஒரு தட்டு, ஆடினால் இரண்டு. இரண்டு கேட்டால் வெளியே இருப்பவர் சிவப்புக் குறி போடுவார். பிறகு உள்ளே போய்ச் சரிபார்க்கும் வழக்கம் அந்தக் குழுவில் இல்லை. சரிபார்த்தால், நீ பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும்.

உள்ளே நின்றவன் கஜீபன். உயரம் என்றால் அவனுக்குத் தலை சுற்றும். வேறு யாராவது என்றால் முதல் கிழமையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஜெயரூபிதான், “நீ உள்ளுக்கை நில்லடா, வெளி என்ரை பாடு” என்று வைத்துக்கொண்டாள். தம்பலகாமத்தில் அவனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததும் அவள்தான்.

சென்ற ஆண்டு மேலிடத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கோபுரத்தைத் திருத்துவதா, இறக்கிவிட்டுச் சூரிய விளக்குக் கம்பம் நடுவதா? இறக்கினால் குழு கலைந்துவிடும். சோதனை நடந்தது. ஜெயரூபி தட்டினாள், இரண்டு. அடுத்த தகட்டைத் தட்டினாள், அதற்கும் இரண்டு. ஒவ்வொன்றிலும் சிவப்புக் குறி போட்டாள். “நிச்சயமோ?” என்று பொறியாளர் கேட்டபோது, “நான் தட்டிப் பார்த்தனான், ஐயா. இது இனி நிக்காது” என்று தன் வாயாலேயே சொன்னாள்.

இறக்கத் தொடங்கிய அன்று, மதியத்துக்குள் விளக்கறையும் மேல் வளையங்களும் கீழே வந்துவிட்டன. பாறையில் விழுந்த தகடுகள் மண்சட்டி போல உடைந்து கிடந்தன. வார்ப்பிரும்பு அப்படித்தான், உடைந்தால் உடைந்ததுதான்.

இரும்பு வெட்ட வந்திருந்த கிண்ணியா அன்ஸார் வியர்வை ஒழுக வெளியே வந்தான்.

“என்ன அக்கா, எல்லாம் கறள் பிடிச்சுப் போச்செண்டுதானே சொன்னீங்க? ஒரு போல்ட்டும் அசையுதில்ல. வெட்டி வெட்டிக் காஸ் சிலிண்டரும் முடியப்போகுது!”

அவன் கொடுத்த துண்டை அவள் வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில்கூடத் துரு தின்னாமல், தண்டு முழுத் தடிப்பாக இருந்தது. சிவப்புக் குறி போட்ட தகட்டின் போல்ட் அது. இன்னும் நாலைந்து துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தாள். எல்லாம் அப்படியே.

கஜீபன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

“இது என்னடா?”

அவன் போல்ட்டைப் பார்க்கவில்லை. “புதுக் கம்பத்துக்கு ஒரு ஆள் வேணுமாம், அக்கா. கரையிலை இருந்தே பாக்கிற வேலை. ஒரு இடமும் ஏறத் தேவையில்லை.”

“அதுக்கு?”

“கோபுரம் நிண்டா கம்பம் வராதுதானே.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா விடுவியளோ? உங்களுக்கும் ஒரு இடம் கேட்டுப் பாத்தனான். இல்லையெண்டிட்டினம்.”

“என்னைக் கொண்டே பொய் சொல்லுவிச்சிட்டாய்!”

அவள் பொறியாளருக்குப் போன் எடுத்தாள். சோதனை பிழை, வேலையை நிறுத்துங்கள் என்றாள்.

“தட்டிப் பார்த்தனான் எண்டு நீங்கள்தானே சொன்னியள்?”

“ஓம் ஐயா. உள்ளுக்கை நான் போய்ப் பாக்கேல்லை.”

“மேல் பாதி உடைஞ்சு போச்சே, ஜெயரூபி. இனி என்னத்தை நிப்பாட்டிறது?”

கரைக்குத் திரும்பப் படகு ஒன்றுதான். கஜீபன் முதலில் ஏறி, வழக்கம்போலக் கையை நீட்டினான். “பாசி வழுக்கும், அக்கா. பிடியுங்கோ.”

ஜெயரூபி தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு நனைந்தபடி படகைச் சுற்றிப் போய், மறுபக்கத்தைப் பிடித்துத் தானே தொற்றி ஏறினாள். அன்ஸார் ஒன்றும் விளங்காமல், அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து இருந்தான்.