விமலா அக்கா கண்டுபிடித்த வயர்

விமலா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, அவர் குடியிருந்த ஃபிளாட்டின் நாலாவது மாடிப் படியில். கையில் மார்க்கெட் பை இருந்ததாம்.

வயது நாற்பத்து மூன்று. ஈப்போவில் நாங்கள் வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மூன்றாவது லைன், சர்க்யூட் போர்டு டெஸ்ட்டிங். எனக்கு அடுத்த மேசை.

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது... என் மோட்டர்சைக்கிள் கதையைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அதையே சொல்கிறேன்.

போன வருஷம் என் பழைய கப்சாய், அந்தச் சின்ன மோட்டர்சைக்கிள், ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இருமும். ஒரு நொடி எஞ்சின் செத்துப் பிழைக்கும். கோப்பெங்கிலிருந்து தினமும் லாரிகளுக்கு நடுவே வருகிறவனுக்கு அந்த ஒரு நொடி போதும்.

வொர்க்‌ஷாப்புக்கு நாலு தடவை போனேன். ஸ்டாண்டு போட்டு நிறுத்தி முறுக்கிப் பார்ப்பார்கள், ஒரு பிசிறு இல்லாமல் ஓடும். "எல்லாம் ஓகே லா தம்பி."

பிளக்கை மாற்றினார்கள். காயிலை மாற்றினார்கள். மறுநாள் காலையில் மறுபடி இருமல்.

கேன்டீனில் புலம்பினேன். அக்கா மீ கோரெங் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"எங்கெங்க இருமுது?"

"எங்க வேணும்னாலும்தான்கா."

"போர்டு ரிஜெக்ட் ஆனா இப்படித்தான் எழுதுவியா? ஒரு வாரம் குறிச்சிட்டு வாடா, எருமை."

போனில் குறித்தேன். கோப்பெங் சந்தி. பெட்ரோல் ஸ்டேஷன் நுழைகிற இடம். ஃபேக்டரி கேட். அடுத்த நாள் மறுபடி சந்தி, மறுபடி கேட்...

அக்கா போனை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் லெஃப்ட்டு" என்றார். மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஷிஃப்ட் முடிந்ததும் மோட்டர் நிறுத்தும் இடத்துக்கு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை மெதுவாக, மிக மெதுவாக இடது பக்கம் திருப்பினார். கடைசி வரை போனதும் இருமல். நேராக்கினார், நின்றது. திருப்பினார், இருமல்.

முன் கவரைக் கழற்றி, ஹேண்டில்பார் கழுத்துக்குள் போகும் வயர்க் கட்டை ஒவ்வொரு வயராக, விரல் விரலாக மடக்கிப் பார்த்தார்.

"மேல ஒரு கீறல்கூட இல்லையேக்கா."

"தோலு நல்லாத்தான் இருக்கும். உள்ள கம்பி அத்துப் போயிருக்கும். நேரா நிக்கறப்ப ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்டு நடிக்கும். நீ நாலு தடவ போயி, அது நடிக்கறத காட்டிட்டு வந்திருக்க."

சொல்லி முடிக்கவில்லை, ஒரு வயரை மடக்கினார், எஞ்சின் அணைந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... ஒரு மாசத்துக்குப் போதும்.

மறுநாள் அவரே சால்டர் வைத்து ஒட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட இருமவில்லை.

பத்தொன்பது வருஷம் டெஸ்ட்டிங் மேசையில் இருந்தவர். டெக்னீஷியன் ஆக்கவில்லை, சர்ட்டிஃபிகேட் இல்லையாம். சர்ட்டிஃபிகேட்டோடு வந்தவர்கள் அவரிடம் வேலை கற்றுக்கொண்டு அவருக்கே சூப்பர்வைசர் ஆனார்கள்.

மூன்று மாசமாக நெஞ்சைப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். படி ஏறும்போது மட்டும்.

வீடு அஞ்சாவது மாடி. லிஃப்ட்டே கிடையாது. எஸ்டேட்டை விற்றபோது லயத்து வரிசைவீட்டுச் சனங்களை எல்லாம் கொண்டுபோய் அடுக்கிய ஃபிளாட் அது. அக்கா பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது காவலாளி போட்ட பங்களாக்கள். அங்கே எல்லாம் தரையோடு வீடு.

கம்பெனி அனுப்புகிற கிளினிக்குக்குப் போனார். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு படுக்க வைத்து ஈசிஜி. கோடு நல்லா இருக்கு, கேஸ்ட்ரிக் என்று வெள்ளை மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இப்படி இரண்டு தடவை.

மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஓகேவாம்டா. காரம், சம்பால் எல்லாம் கொறைக்கணுமாம்லா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பாடா, நல்லதுக்கா."

ஸ்டாண்டில் நின்ற மோட்டருக்கு நாலு தடவை ஓகே வாங்கி வந்தவன் நான். அதைப் பார்த்து என்னை எருமை என்றவர் அவர். படி ஏறவிட்டுப் பாருங்கள் டாக்டர் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

போர்டாக இருந்தால் அக்கா விட்டிருக்க மாட்டார். தன் உடம்பு என்பதால் விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். டாக்டரிடம் இரண்டாவது கேள்வி கேட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லை.

மதியம் லைன் வாட்ஸ்அப்பில் மேனேஜர் ஒரு பூப் படம் போட்டு அனுதாபம் சொன்னார். அதற்கு அடுத்த மெசேஜ் சூப்பர்வைசருடையது. நாளைக்கு டெஸ்ட்டிங் மேசை யார் பார்ப்பது?

நான் நாலு வரி கெட்ட வார்த்தை டைப் பண்ணினேன்... அழித்தேன். "நான் பாக்குறேன்" என்று போட்டேன்.

நாளை மதியம் ஒரு மணிக்கு எடுக்கிறார்கள். ஃபிளாட் கீழே, மோட்டர் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டிருக்கிறது. பெட்டியை மேலே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதாம், படி குறுகல்.

தெரிந்தவர்கள் போங்கள். அக்கா மகள் ஃபார்ம் ஃபைவ் படிக்கிறாள், பதினேழு வயது, தனியாக நிற்கிறாள். நான் இரண்டு மணி நேரம் லீவு கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

அக்கா, நாளைக்கு உங்க மேசையில நான்தான். நாற்காலி உயரத்த மாத்த மாட்டேன்.