மைனஸ் நூற்றுப் பத்து

பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பெங்களூரு அலுவலகத்துக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறேன். மடியில் லேப்டாப்பை வைத்து வேலை செய்வேன். பங்காருபேட்டை வருவதற்குள் தொடை சுட ஆரம்பித்துவிடும். அதனால்தான் அதன் பிராசஸருக்குப் போகும் வோல்டேஜை ஒரு மென்பொருள் கொண்டு குறைத்தேன். வேகம் குறையாது, சூடு குறையும், பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். அளவு மீறினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மெஷின் உறைந்து நிற்கும். எல்லாம் தெரிந்தே செய்தேன்.

பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகக் குறைத்தேன், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வாரம். தேதி, வெப்பம், விசிறிச் சத்தம் எல்லாம் டைரியில் ஏறியது. மைனஸ் எழுபதில் தொண்ணூற்று நான்கு டிகிரி எண்பத்து மூன்றாக இறங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நூற்றுப் பத்து வரை போனேன். மூன்று வாரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. "ஸ்டேபிள்" என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன்.

அப்போதுதான் மகளுக்கு ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. ஒரே வாய்ப்பு, பாதியில் நின்றால் மறுபடி நுழைய முடியாது. வீட்டில் இருந்தது என் லேப்டாப் மட்டும்.

"அப்பா, அதுல இன்னாவோ நோண்டி வச்சிருக்கியே, பழைய மாதிரி பண்ணிக் குடேன்."

"மூணு வாரமா நிக்காம ஓடுது. டைரிய பாக்கறியா?"

"டைரியா பரீட்ச எழுதப் போவுது?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

பழைய அளவுக்குக் கொண்டுவர ஒரு பட்டன் போதும். நான் அழுத்தவில்லை.

மகள் சார்ஜரைச் சொருகி உட்கார்ந்தாள். இருபத்து மூன்றாவது நிமிடம், திரையின் மூலையில் கேமரா காட்டிய அவள் முகம் பாதி கண் மூடியபடி அப்படியே நின்றது. மவுஸ் அசையவில்லை. அணைத்துத் திறந்தபோது, தேர்வு முடிந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தது. கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினோம். பதில் வரவில்லை.

பிறகுதான் புரிந்தது. நான் சோதித்ததெல்லாம் ரயிலில், பேட்டரியில். பேட்டரியில் ஓடும்போது அந்த பிராசஸர் தன் வேகத்தை அடக்கிக்கொள்ளும். சார்ஜர் போட்டால்தான் முழு வேகம் எடுக்கும். அந்த வேகத்துக்கு நான் விட்டுவைத்திருந்த வோல்டேஜ் போதவில்லை. டைரியில் கோடு போட்டு ஒன்பது பத்திகள் பிரித்திருந்தேன். சார்ஜருக்கு ஒரு பத்தி இல்லை.

இப்போது அவளுக்கும் பெங்களூருவில்தான் வேலை, அதே காலை ரயில். லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொள்கிறாள். போன மாதம் தவணையில் ஒரு லேப்டாப் வாங்கினாள், என்னிடம் கேட்கவில்லை. மடியில் வைத்தால் சுடுகிறதா என்று கேட்டேன்.

"சுடுது. சுடட்டும்," என்றாள்.