சுவருக்குக் கீழே இருந்த வீடு

எனாமல் பெயிண்டும் தின்னரும் கலந்த வாடை வந்தால் மற்றவர்களுக்குப் புது வீடோ புது லாரியோ நினைவுக்கு வரும், எனக்கோ இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடச் சுவர்தான். எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம் முழுக்க, நாமக்கல்லில் இருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் ரோட்டை ஒட்டியிருந்த எங்கள் அரசுப் பள்ளியின் முன்சுவரில் இருந்து அந்த வாடை கிளம்பி வகுப்பறை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. சுவரில் பெயிண்டர் ஒருவர் எங்கள் ஊரின் படத்தை எழுதிக்கொண்டிருந்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் கழுகும் தாமரையும் எழுதிப் பழகிய கை என்பதால், எங்கள் ஏரிக்கரைத் தென்னை மரங்கள்கூட லாரியின் நெற்றியில் இருக்க வேண்டியவை போலப் பளபளவென்று நின்றன.

இத்தனைக்கும் காரணம் அரசாங்கம்தான். பள்ளிக்கூடங்களில் வரலாறும் குடிமையியலும் ஒப்புக்கு நடக்கின்றன, பிள்ளைகள் மனப்பாடம் செய்து கக்குகிறார்கள் என்று மேலே யாருக்கோ தோன்றி, அதைச் சீர்செய்ய ஒரு திட்டம் போட்டு, பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கி, ஆசிரியர்களைச் சேலத்துக்குக் கூப்பிட்டுப் பயிற்சியும் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தோன்றியதில் தப்பே கிடையாது. அதுவரை எங்களுக்குச் சமூக அறிவியல் எடுத்தவர் கணக்கு வாத்தியார். கேள்வியைப் படிப்பார், "இங்க இருந்து கோடு போடு, அங்க நிறுத்து" என்பார், மணி அடித்ததும் போய்விடுவார். அந்த வகுப்புக்கு நாங்கள் வைத்த பெயரே "கோட்டு வகுப்பு". கிராம சபை என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால், எந்தப் பக்கத்தில் கோடு போட்டோம் என்று மட்டும் பிசகாமல் சொல்லியிருப்போம்.

அந்த வருஷம்தான் சமூக அறிவியலுக்கென்றே ஒரு டீச்சர் மாற்றலாகி வந்திருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பக்கம் கன்றுக்குட்டியை விரட்டும்போதுகூட "போங்க சாமி" என்று சொல்லித்தான் பழக்கம், அவரோ தலைமையாசிரியரிடம் பேசும்போதுகூட "ங்க" போட மாட்டார். அதனால் அவர் எப்போதும் யாருடனோ சண்டை போடுவது போலவே எங்களுக்குக் கேட்கும். பாதி நேரம் நிஜமாகவே சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தார். முன்கோபக்காரர், கையில் ஸ்கேல் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. சேலத்துப் பயிற்சி முடிந்து வந்த மறுநாளே, இனிமேல் மனப்பாடம் கிடையாது, ஊருக்குள் போய்ப் பார்த்து நம் ஊரின் படத்தை நீங்களே வரைய வேண்டும், மாதிரி கிராம சபை நடத்த வேண்டும், வெள்ளிக்கிழமை இதையெல்லாம் பார்க்க ஆபீசர் வருகிறார் என்று மளமளவென்று சொல்லி முடித்தார். எங்களுக்குப் பாதி புரியவில்லை, பயம் மட்டும் முழுசாக வந்துவிட்டது.

வகுப்பில் எல்லோரும் வரைந்தோம். என்னுடையதுதான் சுத்தமாக இருந்தது என்று சுவருக்கு அதையே தேர்ந்தெடுத்தார்கள். மாரியம்மன் கோயில், ரேஷன் கடை, பால் சொசைட்டி, தண்ணீர் டேங்க், வரிசையாகக் கோழிப் பண்ணைகள், பஸ் நிற்கிற இடம் என்று ஒன்று விடாமல் வரைந்து, தெற்கே ஓடும் ஓடையோடு நிறுத்தியிருந்தேன். எங்கள் பக்கம் ஓடையைப் "பள்ளம்" என்போம். பெயிண்டர் அந்தப் பள்ளத்தை நீலக் கோடாகச் சுவரின் அடியில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே இழுத்து முடித்தார். என் கையால் வரைந்த படம் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் தெரிகிறது என்பதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் டீச்சர் வந்து சுவரைப் பார்க்கும் வரைக்கும்தான். படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வளர்மதி, உன் வீடு எங்க இருக்கு, காட்டு."

"எங்க ஊடு ஊர்ல இல்லீங்க டீச்சர்."

"பின்ன எங்க இருக்கு?"

"காலனிலீங்க."

சுற்றி நின்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது? வகுப்புத் தலைவி கோகிலா, ஆமாம் என்று தலையைக்கூட ஆட்டினாள். பள்ளத்துக்கு வடக்கே தோட்டம் காடு உள்ளவர்கள் குடியிருந்த இடம்தான் ஊர். பள்ளத்துக்குத் தெற்கே, அவர்களிடம் வேலை செய்த நாங்கள் குடியிருந்தது காலனி. எங்கள் அம்மா பள்ளத்தைத் தாண்டி மளிகைக் கடைக்குப் போனால்கூட "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். ஊர்த் திருவிழா, ஊர்க் கிணறு, ஊர்க் கூட்டம் என்று அந்தச் சொல்லே பள்ளத்துக்கு அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. டீச்சர் "நம் ஊர்" என்று வரையச் சொன்னார், நானும் ஊரைத்தான் வரைந்தேன், என் வீட்டை விட்டுவிட்டோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

ஆத்தூர்ப் பக்கம் மட்டும் என்ன வேறு மாதிரியா இருக்கிறது, டீச்சருக்கு இது தெரியாத சங்கதியா? ஆனாலும் அவர் முகம் சிவந்துபோயிற்று. படம் தப்பு, அழித்துவிட்டுச் சின்னதாக மறுபடி எழுது, காலனியும் வர வேண்டும் என்று பெயிண்டரிடம் சொன்னார். நியாயத்துக்காகச் சொன்னாரா, ஆபீசருக்குப் பயந்து சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயிண்டர் பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவில் போட்டுவிட்டு, பெரியவங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

பெரியவங்க என்றால் பண்ணைக்காரர். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவர் அவர், கோகிலாவின் அப்பா. அவருடைய கோழிப் பண்ணையில்தான் என் அப்பா முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலை பார்த்தார். பண்ணைக்காரர் அன்று மத்தியானமே பள்ளிக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை, டீச்சருக்குக் கைகூப்பி வணக்கம் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"காலனிக்குன்னு தனியாப் பேரு இருக்குதுங்க டீச்சர். ஊர்ப் படத்துல அதை எதுக்குங்க கொண்டாந்து சேக்கோணும்? அந்தப் புள்ளையே சரியாத்தான வரைஞ்சிருக்குது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாக வரைந்ததே அவருக்குச் சாட்சியாகிப்போனது. ஆபீசர் வந்து போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார்.

அன்று அப்பா வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் நானும் எதிர்த்து ஏதாவது பேசியிருப்பேன்.

"ஆபீசர் கேட்டா, படம் சரியா இருக்குதுங்கன்னு சொல்லிரு சாமி. நம்ம பொழப்பு அவிய கையில இருக்குது."

அம்மா, வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்ப வேண்டாம் என்றார். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்றார் அப்பா. நான் அந்த வாக்கியத்தைப் பாடம் போலச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். படம் சரியா இருக்குதுங்க. படம் சரியா இருக்குதுங்க. சொல்லச் சொல்ல எனக்கு அப்பா மேலும் டீச்சர் மேலும் ஒரே மாதிரி எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பண்ணையில் இருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிய அப்பாவும் மற்ற வேலைக்காரர்களும் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கியதும் நேராகச் சுவருக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். நன்றாக இருக்கிறதே, யார் வரைந்தது என்று கேட்டார். என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"அட, நீயா? உன் வீடு எங்கம்மா இருக்கு, காட்டு."

படம் சரியா என்று அவர் கேட்கவே இல்லை. நான் உருப்போட்டு வைத்திருந்த பதில் வேறொரு கேள்விக்கானது. கோயிலில் விரலை வைத்தேன். டேங்க், பால் சொசைட்டி, பண்ணைகள் என்று இறங்கி, நீலக் கோட்டைத் தாண்டினேன். அதற்குக் கீழே சுவர் முடிந்துபோயிற்று. எங்கள் வீடு அதற்கும் கீழேதான் இருந்தது. குனிந்து சுவரோரத்து மண்ணில் விரலை வைத்து "இங்கீங்க" என்றேன்.

ஆபீசர் முதலில் நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து, சுவரில் காட்டும்மா என்றார். நான் மண்ணில் இருந்து விரலை எடுக்கவில்லை. அவருக்குப் புரிந்தபோது அவர் டீச்சரைப் பார்த்தார், தலைமையாசிரியரைப் பார்த்தார், பிறகு பண்ணைக்காரரைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜீப் ஏறிப் போக வேண்டியவர். "கிராம சபை நடத்தப் போறீங்கல்ல, அதுலயே வச்சு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு நடந்தார்.

மாதிரி கிராம சபைக்குக் கோகிலாதான் ஊராட்சித் தலைவர். அதற்கு டீச்சர் ஒரு வசனமே எழுதிக் கொடுத்திருந்தார். மனப்பாடத்தை ஒழிக்கச் சேலம் வரைக்கும் போய் வந்தவர், ஆபீசர் வருகிறார் என்றதும் எங்களை ஸ்கேலால் அடித்து அந்த வசனத்தை மனப்பாடம் செய்யவைத்திருந்தார். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தலைவர் "யாருக்கும் எதிர்ப்பு உண்டா?" என்று கேட்க வேண்டும், கொஞ்சம் நிறுத்த வேண்டும், "எதிர்ப்பு இல்லாததால் ஒருமனதாக நிறைவேறியது" என்று முடிக்க வேண்டும். குடிநீர் ஒருமனதாக நிறைவேறியது. தெருவிளக்கும் அப்படியே நிறைவேறியது.

பிறகு டீச்சர் எழுந்து, சுவரில் உள்ள படத்தில் காலனியையும் சேர்த்து மறுபடி வரைவதென்று ஒரு தீர்மானம், சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஊர்ப் பிள்ளைகள் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். காலனிப் பிள்ளைகள் கேட்டைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு கையும் மேலே போகவில்லை. என் கையும் போகவில்லை, கேட்டில் அப்பா நிற்கும்போது அது எப்படிப் போகும்? பண்ணைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தோற்றுவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது.

இனி தலைவர்தான் பேச வேண்டும். யாருமே கை தூக்காவிட்டால் என்ன சொல்வது என்று வசனத்தில் இல்லை. கோகிலா காகிதத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், கடைசியில் வாயில் பழகியதையே சொன்னாள்.

"யாருக்கும் எதிர்ப்பு உண்டா?"

ஆபீசர் முன்னால், சொந்த மகள் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று எதிர்ப்பு உண்டு என்று சொல்லப் பண்ணைக்காரரால் முடியவில்லை. அவரே சொல்லாதபோது வேறு யார் சொல்வது? கோகிலா சொல்லிக்கொடுத்தபடியே கொஞ்சம் நிறுத்தினாள்.

"எதிர்ப்பு இல்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."

தலைவலி விட்டது என்று நினைத்தாரோ என்னவோ, ஆபீசர்தான் முதலில் கை தட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்ட வேண்டியதாயிற்று. தெரிந்துதான் சொன்னாயா என்று பிற்பாடு கோகிலாவிடம் கேட்டேன். "எனக்கு அது ஒண்ணுதான் மனப்பாடமாத் தெரியும்" என்றாள். வீட்டில் அவளுக்குச் செமத்தியாக விழுந்ததாம். கிராம சபை என்றால் என்ன என்பது அன்றைக்கு எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. அன்றிலிருந்து மனப்பாடத்தை நான் ஒரேயடியாகக் குறை சொல்வதும் இல்லை.

ஜீப் போனபிறகு அப்பா நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். பள்ளத்தில் இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்தவர் நின்றார்.

"பெயிண்டர்கிட்டச் சொல்லிரு சாமி, நம்ம ஊட்டு வாசல் கெழக்க பாத்தாப்பல இருக்கோணும். மாத்தி எழுதிப்போடப் போறாங்க."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மறுநாள் பண்ணையில் அப்பாவை முட்டை பொறுக்குவதில் இருந்து எடுத்து, எரு அள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். மழைக்காலம் முடிகிற வரைக்கும் அந்த வேலைதான். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நாற்றம் போகாது.

பெயிண்டர் வந்து படத்தை அழித்துச் சின்னதாக எழுதினார். பள்ளம் சுவரின் நடுவுக்கு ஏறிவிட்டது. அதற்குக் கீழே எங்கள் தெருக்கள், கடைசித் தெருவில் மஞ்சள் நிற வாசல் கிழக்கே பார்த்த எங்கள் வீடு. பண்ணைக்கு வரப்பு மேல் குறுக்கு வழி இருந்தது, அதுவரை அப்பா அதில்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். அதற்குப் பிறகு ரோட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளி வழியாகப் போக ஆரம்பித்தார். சுவருக்கு முன்னால் செயின் கழன்றுவிட்டது போல ஒரு காலை ஊன்றி நிற்பார், பார்ப்பார், போய்விடுவார்.

நான் இப்போது சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கிறேன். புதுக் கட்டடத்துக்காக அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். டீச்சர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். வகுப்பில் பெரிய திரை வந்திருக்கிறது, வரலாறும் குடிமையியலும் அதில் படமாக ஓடுகின்றன, பிள்ளைகளுக்கு நல்லதுதான், எனக்கு அதில் வருத்தமில்லை. புதுச் சுவரில் மாவட்ட வரைபடத்தை ஃப்ளெக்ஸில் அடித்து ஒட்டியிருக்கிறார்கள், அதில் எங்கள் ஊரும் இல்லை, காலனியும் இல்லை.

போன மாசம் போயிருந்தபோது, வயசான பிறகும் வேலையை விடாத அப்பா, வரப்பு மேலேயே பண்ணைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினார். மேடு பள்ளத்தில் எதற்கு, ரோட்டிலேயே போகலாமே என்றேன்.

"அங்க இப்ப என்ன இருக்குது சாமி, சுத்திட்டுப் போறதுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.